பாப்பாவின் முதுகு வளைவும் கழன்றுபோகும் இடது செருப்பும்

திருப்பூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 29 வயதுத் தாய் ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு நாலேகால் வயது. மூன்று வயதில் பொங்கலுக்குப் பாவாடை சட்டை தைக்க அளவெடுத்த அக்காதான், “ஒரு தோள் தூக்கிட்டு இருக்கே, பார்த்தீங்களா?” என்று முதலில் கேட்டவர். எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஒன்பதாவது எலும்பு பாதிதான் உருவாகியிருக்கிறது, பிறவியிலேயே அப்படி, அதனால் முதுகு பக்கவாட்டில் வளைகிறது என்று தெரிந்தது. அன்றைக்கு வளைவு 34 டிகிரி. 14 மாதம் கழித்து இப்போது 41. முதல் டாக்டர் ஆபரேஷன் என்றார். இரண்டாமவர் வளரட்டும், பார்க்கலாம் என்றார். நடுவில் ஒரு கடையில், 38,000 ரூபாய்க்கு பிரேஸ் (உடம்பைச் சுற்றி இறுக்கி மாட்டும் தாங்கு கவசம்) செய்து தருகிறோம், இரண்டு வருடம் போட்டால் நேராகிவிடும் என்றிருக்கிறார்கள். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து அதை வாங்கிவிடலாமா என்பது இவருடைய முதல் கேள்வி. மாமியார் இவருக்குச் சொந்த அத்தை. வயிற்றில் ஏழாம் மாதம் இருக்கும்போது கிரகணத்தன்று வாசலுக்குப் போனதால் வந்த வினை என்று அவர் சொல்கிறார். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று பிறந்த வீட்டுப் பக்கம் பேச்சு. ஆபரேஷன் செய்தால் உயரம் நின்றுவிடுமா, அடுத்த குழந்தைக்கும் வருமா, நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள், பள்ளி ஆண்டு விழாவில் ஆட விடலாமா என்று கேள்விகள் தொடர்கின்றன.

முதலில் அந்தச் சங்கிலி. அது கழுத்திலேயே இருக்கட்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. போகிற போக்கில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறீர்கள். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் நடுவில் கொத்தாக முடி இருக்கிறது, அதிர்ஷ்டம் என்று அத்தை சொல்வார். இடது செருப்பு மட்டும் எப்போதும் கழன்றுவிடுகிறது, அதனால் வார் வைத்த ஷூ வாங்கினோம். நாலு மாதமாகப் பகலிலேயே ஜட்டியை நனைத்துக்கொள்கிறாள், எல்.கே.ஜி. பயமாக இருக்கும் என்று மிஸ் சொன்னார்.

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. நாலு வயதில் இரவில் படுக்கையை நனைப்பது சர்வசாதாரணம். ஆனால் பகலில் நன்றாகக் கட்டுப்படுத்தப் பழகிவிட்ட பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பிப்பது, ஒரு கால் மட்டும் மற்றதைவிடச் சிறுத்து அந்தச் செருப்பு மட்டும் கழல்வது, நடு முதுகில் முடிக்கொத்து, இவை பிறவி முதுகு வளைவோடு சேர்ந்து வந்தால் மருத்துவர்களான எங்கள் கண் தண்டுவடத்துக்குப் போய்விடும். எலும்புக்குள்ளே ஓடும் நரம்புக் கயிறு அது. சில குழந்தைகளுக்கு அது கீழே எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். சிலருக்கு ஒரு எலும்பு முள் நடுவே முளைத்து அதை இரண்டாகப் பிளந்திருக்கும். முதுகு வளர வளர, ஒட்டிய கயிறு இழுபடும். கால் சிறுத்துப்போவதும் சிறுநீர் கட்டுப்பாடு தளர்வதும் அந்த இழுப்பின் அடையாளங்கள். பாப்பாவுக்கு இது இருக்கிறது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. பார்க்காமல் விடக் கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். இரண்டு வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். இதற்கிடையில் கால் தடுமாறினாலோ, சிறுநீர் வராமல் வயிறு உப்பினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாதி எலும்பு என்றால் என்ன

டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய டப்பாக்கள். நடுவில் ஒரு டப்பா மட்டும் இடப்பக்கம் முழு உயரமும் வலப்பக்கம் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால், அதற்கு மேலே உள்ள அடுக்கு முழுக்க வலப்பக்கம் சாயும். பாப்பாவின் முதுகில் நடந்திருப்பது அதுதான். இதை ஹெமிவெர்டிப்ரா என்கிறோம்.

டப்பாவுக்கும் எலும்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, எலும்பு வளரும். ஒவ்வொரு முதுகெலும்புக்கும் மேலும் கீழும் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. பாதி எலும்பில் இந்த இரண்டு தட்டும் உயிரோடு இருந்தால், இடப்பக்கம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும், வலப்பக்கம் ஈடுகொடுக்க ஆள் இல்லை. ஆகவே வளைவு ஏறும். அதே பாதி எலும்பு பக்கத்து எலும்புடன் ஒட்டிப் பிறந்திருந்தால் வளர்ச்சி குறைவு, வளைவும் அவ்வளவாக ஏறாது. பாதி எலும்பு ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் பல எலும்புகள் ஒரே கட்டையாக ஒட்டிப் பிறந்திருப்பது என்று ஒரு வகை உண்டு. எல்லாவற்றிலும் மோசமானது அது, வருடத்துக்கு 5 டிகிரிக்கு மேல்கூட ஏறும்.

உங்களிடம் இருக்கும் ரிப்போர்ட்டில் ‘ஹெமிவெர்டிப்ரா’ என்ற ஒரு சொல் மட்டுமே இருக்கிறது, எந்த வகை என்று இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “பாதி எலும்புக்கு மேலேயும் கீழேயும் டிஸ்க் இருக்கிறதா? எதிர்ப்பக்கம் எலும்புகள் ஒட்டியிருக்கின்றனவா?” இரண்டு எலும்புக்கு நடுவே உள்ள மெத்தைதான் டிஸ்க், அது இருந்தால் அந்தப் பக்க வளர்ச்சித் தட்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். இதற்கான பதில்தான் ஆபரேஷனா, காத்திருப்பதா என்பதில் பாதியைத் தீர்மானிக்கும். ஒருவர் வெட்டலாம் என்றும் இன்னொருவர் பார்க்கலாம் என்றும் சொன்னதில் நீங்கள் குழம்பியிருப்பது புரிகிறது. இருவரும் முழுப் படத்தைப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னும் எடுக்காத மூன்று பரிசோதனைகள்

தாயின் வயிற்றில் முதுகெலும்பு உருவாகும் அதே வாரங்களில்தான் இதயமும் சிறுநீரகமும் உருவாகின்றன. அதனால் ஒன்றில் பிசகினால் மற்றதையும் பார்த்துவிட வேண்டும். பிறவி முதுகு வளைவுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிறுநீரக அமைப்பில் ஏதாவது வித்தியாசம் இருக்கும். ஒரு கிட்னியோடு பிறந்தவர்கள்கூட உண்டு, பலருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இருக்காது, ஆனால் தெரிந்திருப்பது நல்லது. பத்தில் ஒருவருக்காவது இதயத்தில் குறை இருக்கும். தண்டுவடத்தில் குறை இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை.

ஆக, வயிற்று ஸ்கேன் ஒன்று, இதயத்துக்கு எக்கோ ஒன்று. இரண்டிலும் வலியில்லை, ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். மூன்றாவது, கழுத்திலிருந்து வால் எலும்பு வரை முழு முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. இதற்கு அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதால் நாலு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தருவார்கள். பயப்பட வேண்டாம். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய இடத்தில் எடுங்கள். எக்ஸ்ரே எடுத்த சென்டரில் “ஒன்பதாவது எலும்பை மட்டும் எடுத்தால் போதும், காசு குறையும்” என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். முடிக்கொத்து இருப்பது இடுப்புப் பக்கம், பாதி எலும்பு இருப்பது நெஞ்சுக்குப் பின்னால். இரண்டும் தெரிய வேண்டும்.

34லிருந்து 41: உண்மையில் ஏறியதா?

இந்த எண்ணைப் பார்த்துத்தான் நீங்கள் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள். எக்ஸ்ரே மேல் கோடு போட்டு அளக்கும் இந்த முறைக்கு காப் கோணம் என்று பெயர், 1948இல் ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் தந்தது. ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் அளந்தால் 5 டிகிரி வரை வித்தியாசம் வருவது சகஜம். பிறவி வளைவில் எலும்பின் விளிம்பே கோணலாக இருப்பதால் இன்னும் கூடுதலாகவும் வரும். அப்புறம் இன்னொன்று. முதல் எக்ஸ்ரேயைப் படுக்க வைத்து எடுத்தார்கள், அடுத்ததை நிற்க வைத்து எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படுத்தால் வளைவு கொஞ்சம் தளரும், நின்றால் கூடும். எனவே அந்த 7 டிகிரி முழுக்க வளர்ச்சியாகவும் இருக்கலாம், முழுக்க அளவு முறையின் கோளாறாகவும் இருக்கலாம்.

தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டு படத்தையும் ஒரே டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே எலும்பு விளிம்புகளிலிருந்து அளக்க வேண்டும். முதல் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் தாளை மட்டும் கொடுத்து, படத்தைத் தரவில்லை என்கிறீர்கள். கேட்டு வாங்குங்கள். நோயாளியின் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு, பெயரும் ஓ.பி. நம்பரும் எழுதி, “எக்ஸ்ரே படத்தின் நகல் வேண்டும்” என்று கொடுத்து, உங்கள் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை போட அவசியமிருக்காது. சீல் கேட்டாலே படம் வந்துவிடும்.

இதை வைத்து, ஏறவில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இதே பிறவி வளைவுள்ள 251 நோயாளிகளைக் கவனித்து 1982இல் வெளியிட்ட ஆய்வில், வளைவு ஏறாமலோ, சிறிதளவே ஏறியோ நின்றவர்கள் கால்வாசிப் பேர்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்ந்தவர்களின் கணக்கு அது, மோசமானவர்கள்தான் அதிகம் வந்திருப்பார்கள், ஆனாலும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. முதுகு மிக வேகமாக வளர்வது முதல் ஐந்து வயதில், பிறகு வயதுக்கு வரும் காலத்தை ஒட்டி. வளைவு தாவுவதும் அப்போதுதான். ‘வளரட்டும், பார்க்கலாம்’ என்பதற்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்து அளந்து பார்ப்போம் என்று பொருள் இருந்தால் அது நல்ல வைத்தியம். பத்து வயதில் கூட்டி வாருங்கள் என்று பொருள் இருந்தால் டாக்டரை மாற்றுங்கள்.

பிரேஸ் பற்றி

பிரேஸ் மோசடி இல்லை. 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமல் வரும் முதுகு வளைவில் அது நன்றாகப் பலன் தருகிறது, 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. யூடியூபில் நீங்கள் பார்த்த பிள்ளைகள் அந்த வகைதான். அவர்களுக்கு எலும்புகள் முழுதாக இருக்கும், வளைவு இளக்கமாக இருக்கும், வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கலாம். பாப்பாவுக்கு எலும்பின் வடிவமே வேறு. டிபன் கேரியரை வெளியே கயிறு போட்டு எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே பாதி டப்பா முழு டப்பாவாகாது. வளரும் நெஞ்சுக்கூட்டை நாள் முழுக்க இறுக்கி வைப்பதில் கெடுதலும் உண்டு. பாதி எலும்புக்கு மேலே கீழே உருவாகும் ஈடுகட்டும் வளைவுகளுக்காகச் சில சமயம் நாங்களே பிரேஸ் தருவோம். அதை டாக்டர் எழுதித் தந்து செய்ய வேண்டும். கடைக்காரர் நோய் கண்டுபிடித்துத் தரக் கூடாது.

அத்தை தேய்க்கும் நல்லெண்ணெய்க்கு நான் எதிரியில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் தாராளமாகத் தொடரட்டும். முதுகை முறுக்கி நெட்டி எடுப்பது, வர்மம் என்று அழுத்துவது, தலைகீழாகத் தொங்கவிட்டு இழுப்பது மட்டும் கூடாது. தண்டுவடம் ஒட்டியிருக்கிறதா என்று தெரியாத பிள்ளைக்கு அது ஆபத்து.

ஆபரேஷன் என்றால்

எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் ஒட்டியிருப்பதாகத் தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியவர் நரம்பு அறுவை மருத்துவர். அதைச் சரிசெய்யாமல் வளைவை நிமிர்த்தப் போனால் கால் செயலிழக்கக்கூடும். முதலில் உங்களுக்கு ஆபரேஷன் சொன்ன இடத்தில் எம்.ஆர்.ஐ. இல்லாமலே தேதி குறித்தார்கள் என்கிறீர்கள். அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டது நல்லதாயிற்று.

தண்டுவடம் சரியாக இருந்து, பாதி எலும்பு மேலும் கீழும் வளரும் வகை என்றும், வளைவு நிஜமாகவே ஏறுகிறது என்றும் உறுதியானால், நான் அதிக நாள் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். முதுகின் பின்பக்கமாகத் திறந்து, அந்தப் பாதி எலும்பை எடுத்துவிட்டு, மேலேயும் கீழேயும் உள்ள எலும்புகளைத் திருகாணியும் கம்பியும் போட்டு இணைப்பார்கள். சிறுவயதில் செய்தால் இரண்டு மூன்று எலும்பை இணைப்பதோடு முடியும். வளைவு முற்றி, மற்ற எலும்புகளும் இறுகிய பிறகு செய்தால் எட்டுப் பத்து எலும்பை இணைக்க வேண்டிவரும், நரம்புக்கான ஆபத்தும் கூடும். பெரியவளாகட்டும், உடம்பு தாங்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்வது நல்ல மனசோடுதான், ஆனால் இந்த நோயில் அது தலைகீழ்.

உயரம் கேட்டீர்கள். ஒரு முதுகெலும்பு வருடத்துக்குச் சுமார் 0.07 சென்டிமீட்டர் வளரும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. மூன்று எலும்பு, இன்னும் பத்து வருட வளர்ச்சி என்று வையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் போல. வளைவை அப்படியே விட்டால் அதைவிட அதிகமாக இழப்பாள், கூடவே நெஞ்சுக்கூடு கோணலாகி நுரையீரலுக்கு இடமும் குறையும்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ரத்த இழப்பு, கிருமித் தொற்று, சின்ன எலும்பில் திருகாணி பிடிக்காமல் நழுவுவது, அரிதாக நரம்பு பாதிப்பு, பிற்பாடு இன்னொரு ஆபரேஷன், எல்லாமே நடக்கக்கூடியவை. அதனால் யாரிடம் செய்வது என்பது முக்கியம். “ஐந்து வயதுக்குட்பட்ட எத்தனை குழந்தைகளுக்கு இதைச் செய்திருக்கிறீர்கள்? ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா? குழந்தைகளுக்கென்று ஐ.சி.யு. இருக்கிறதா?” கூச்சப்படாமல் கேளுங்கள். இப்படிக் கேட்டதற்காகக் கோபப்படும் டாக்டர் உங்களுக்கு வேண்டாம்.

கிரகணமும் சொந்தமும்

முதுகெலும்பு துண்டு துண்டாகப் பிரிந்து உருவாவது கருவின் நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள். அப்போது பலருக்கு நாள் தள்ளிப்போயிருப்பதே உறுதியாகியிருக்காது. ஏழாம் மாதம் நீங்கள் வாசலில் நின்றபோது அந்த எலும்பு பாதியாக உருவாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. குடம் தூக்கியது, டூவீலரில் போனது எதற்கும் இதில் பங்கில்லை. இதை அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள். பேத்தி மேல் உயிரையே வைத்திருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிப் போங்கள்.

சொந்தத்தில் கட்டியது பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு எலும்பில் குறை என்றால் அது பெரும்பாலும் தற்செயல், சொந்தத்தில் கட்டாதவர்கள் வீட்டிலும் பிறக்கிறது, அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. முதுகெலும்பு பலவும் விலா எலும்புகளும் சேர்ந்து கோணலாக இருக்கும் சில வகைகள் மட்டும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுவால் ஏற்படுபவை, அங்கே சொந்தம் கணக்கில் வரும். முழு எக்ஸ்ரேயைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், கருத்தரிக்கும் முன்பே இருக்கும் கட்டுப்படாத சர்க்கரை இந்த எலும்புக் குறைக்கு ஒரு காரணம். ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்குங்கள், எவ்வளவு என்பதை எம்.ஆர்.ஐ. முடிவைக் காட்டி மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். 18–20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் முதுகெலும்பைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு, நாலு வயதுப் பிள்ளையின் ஃபைலில் இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. மருத்துவமாகக் கேட்டால், இப்படிச் சிறிய இணைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள்.

செலவு

கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர் என்கிறீர்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு உண்டு, மனைவி மக்களுக்கும் சேர்த்துத்தான். பாப்பாவின் பெயர் கார்டில் ஏறியிருக்க வேண்டும், பெரிய சிகிச்சைக்கு எத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதையும் டிஸ்பென்சரியில் கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில், பிறவிக் குறையுள்ள பிள்ளைகளுக்கான இடையீட்டு மையத்தில் போய் நின்றால், எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று அவர்களே எழுதித் தருவார்கள். முதல் நடையை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆண்டு விழாவில் ஆடலாமா? ஆடட்டும். ஆடுவதால் வளைவு ஏறாது, ஓடுவதாலும் ஏறாது. எம்.ஆர்.ஐ. பார்க்கும் வரை கரணம் அடிப்பதும் உயரத்திலிருந்து குதிப்பதும் மட்டும் வேண்டாம் என்று மிஸ்ஸிடம் சொல்லிவையுங்கள். ஜட்டி நனைவதற்காக அதட்ட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், பையில் மாற்று ஜட்டி இரண்டு வைத்து அனுப்புங்கள். எம்.ஆர்.ஐ. வந்ததும் ரிப்போர்ட்டோடு, இரண்டு கால் பாதத்தையும் வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பினால் எனக்கு உதவியாக இருக்கும்.